பதினெட்டு வளைவில் ஒரு பிக்கப்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் பாதையில் பதினெட்டு வளைவு என்றொரு இடம் இருப்பதை உங்களில் அநேகர் அறிவீர்கள். கிழக்கிலங்கையில் பிறந்து கண்டிக்குப் படிக்கவோ மருந்து எடுக்கவோ போனவர்கள் எவரும் அதை மறக்க முடியாது. பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக்கொண்டும், கையில் ஒரு தேசிக்காயை வைத்து மணந்துகொண்டும் அந்த மலையை இறங்கிய தாய்மார் எத்தனை பேர்! முன்னரெல்லாம் ஒரு பஸ் திரும்பும்போது மற்ற பஸ் ஒதுங்கி நிற்க வேண்டும். இப்போது பாதையை அகலமாக்கியிருக்கிறார்கள். என்றாலும் மலை மலைதான்.

இந்தப் பாதையால் ஒரு புது டபிள் கெப் பிக்கப்பில், பின்னால் டிரெய்லர் ஒன்றையும் கொளுவிக்கொண்டு, ஒரு விதவையின் குடும்பச் சாமான்களை ஏற்றிவந்த கதையை உங்களுக்குச் சொல்லப்போகிறேன். வாகனம், டீசல், கொளுக்கி என்று வருவதால் இது ஆண்கள் வாசிக்கிற விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வண்டியில் ஓடியது என் தம்பி மனைவியின் பன்னிரண்டு பவுண் நகை. பின்னால் வந்தது என் ராத்தாவின் இருபத்தொன்பது வருட வாழ்க்கை.

ராத்தா எப்படி அக்குறணைக்குப் போனா என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை கலியாணம் முடித்துத் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வாப்பாவும் சம்மாந்துறையில் ராத்தாவுக்கென்று ஒரு வளவைக் குறித்து, அத்திவாரமும் போட்டு வைத்திருந்தார். 1990ஆம் ஆண்டு கிழக்கில் நடந்தவைகள் எல்லாவற்றையும் மாற்றின. பாதையால் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று தெரியாத அந்தக் காலத்தில், கண்டிப் பக்கமிருந்து வந்த ஒரு நல்ல சம்பந்தத்தை வாப்பா யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டு வயதில் ராத்தா மலைநாட்டுக்குப் போனா. மச்சான் மிளகு, கராம்பு வியாபாரி. வீட்டோடு ஒரு மிளகாய் அரைக்கும் மில்லும் வைத்திருந்தார். நாளடைவில் அந்த மில்லை ராத்தாதான் நடத்தினா. அவவின் பேச்சில் எங்கள் ஊர் "இருக்கு" மெல்ல மெல்ல "ஈக்கி" ஆனதைக் கேட்டு நாங்கள் பெருநாளுக்குப் பெருநாள் சிரிப்போம்.

2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மச்சான் மௌத்தானார். வீடு அவருடைய குடும்பத்தின் பங்குச் சொத்து. பங்கு பிரித்தபின் ராத்தாவுக்கும் மகளுக்கும் மிஞ்சியவை கொஞ்சப் பணமும், வீட்டுத் தளபாடங்களும், இரண்டு மில்லும்தான். இத்தா முடிந்த கையோடு ராத்தா தொலைபேசியில் சொன்னா: "தம்பி, வாப்பா போட்ட அத்திவாரம் இன்னும் ஈக்கிதானே? நான் ஊருக்கே வாறன். மில்லையும் கொண்டு வாறன். அத விட்டுட்டு வந்தா நான் உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டிருக்கணும்."

சாமான் ஏற்ற லொறி பேசினோம். 28,000 ரூபா கேட்டார்கள். அப்போதுதான் என் இளைய தம்பி, "ஏன் காக்கா லொறி? நம்மட வண்டி எதுக்கு?" என்றான்.

அந்த வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தம்பி பதினாறு வருடம் வளைகுடாவில் சாரதியாக இருந்தவன். ஊருக்கு வந்து, சேமித்த பணத்தோடு மனைவியின் நகையையும் விற்றுச் சேர்த்து, குறைந்த தொகைக்கு அவளுடைய மூத்த சகோதரனிடம் வட்டியில்லாக் கடனும் பெற்று, 2019 நவம்பரில் ஒரு புது டபிள் கெப் வாங்கினான். லீசிங் எடுத்தால் இலேசு என்று பலரும் சொன்னார்கள். வட்டியின் பக்கமே போகமாட்டேன் என்று நின்றது அவனல்ல, அவன் மனைவி. காதில் கிடந்ததைக் கழற்றி மேசையில் வைத்தவளும் அவள்தான். ஆகவே அந்த வண்டி ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கணக்குக் கேட்கிற உரிமை அவளுக்கு இருந்தது. ஒரு பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பியில் அந்தக் கணக்கை எழுதியும் வந்தாள்.

அவள் கணக்குப் பார்க்கிற முறையை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் வீட்டிலும் வேன் அல்லது மோட்டார் சைக்கிள் இருக்கும்தானே. டாங்கியை வாய்வரை நிரப்பி, மீற்றரில் உள்ள கிலோமீற்றரை எழுதிக்கொள்ள வேண்டும். ஓடி முடித்து அடுத்த தடவை மறுபடியும் வாய்வரை நிரப்ப வேண்டும். அப்போது எத்தனை லீற்றர் பிடித்ததோ அதுதான் இடையில் ஓடிய தூரத்துக்குச் செலவான எண்ணெய். தூரத்தை லீற்றரால் பிரித்தால் உண்மை தெரிந்துவிடும். வண்டியின் முன்பலகையில் மின்னுகிற எண்ணை அவள் நம்புவதில்லை. விற்பனை செய்தவர் லீற்றருக்கு 14, 15 கிலோமீற்றர் ஓடும் என்றார். ஊருக்குள்ளும் வயல் பாதையிலும் அவள் கொப்பியில் விழுந்தது 10. வெறும் வண்டியாக அம்பாறைக்குப் போய்வந்தால் 12, 13.

விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. நேர்ப்பாதையில், பாரம் ஏற்றாமல், ஒரே சீரான வேகத்தில் ஓடினால் அந்த எண் வரத்தான் செய்யும். நாங்கள்தான் அப்படி ஓடுவதில்லை. டயரில் காற்றுக் குறைந்தால் எண்ணெய் கூடும். அடிக்கடி நிறுத்தி எடுத்தால் கூடும். வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். 60இல் போகிறவன் 90இல் போனால் சீக்கிரம் போய்ச் சேருவான், ஆனால் அந்த அவசரத்தின் விலையைப் பம்பில் கொடுப்பான்.

டிசம்பர் விடுமுறையில் புறப்பட்டோம். டபிள் கெப்பில் ஆட்கள் ஐந்து பேர் இருக்கலாம். ஆனால் பின்பெட்டி குறுகியது, ஒரு அலுமாரியைக்கூட நீட்டிக் கிடத்த இடமில்லை. அதனால் மாளிகைக்காட்டில் ஃபைபர் வள்ளம் ஏற்றுகிற ஒருவரிடம் இரட்டைச் சில்லு டிரெய்லர் ஒன்றை இரவல் வாங்கி, வண்டியின் பின்னே கொளுவினோம். தம்பிக்கு அதில் பெருமை. "கைநூலில போட்டிருக்கான் காக்கா, மூணு தொன் இழுக்கும்" என்றான். நானும் மாஷா அல்லாஹ் என்றேன். அறபுக் கல்லூரியில் எத்தனையோ கிதாபுகளை அடிக்குறிப்போடு ஓதிய நான், அந்தக் கைநூலின் அடுத்த வரியைப் பார்க்கவில்லை. அந்த மூன்று தொன், பிரேக் பூட்டிய டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோதான், அதுவும் டிரெய்லரின் சொந்தப் பாரத்தையும் சேர்த்து. இந்த ரகப் பிக்கப்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே அளவுதான் போட்டிருக்கிறது என்று பிறகு அறிந்தேன். வள்ளக்காரரின் டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. கடற்கரை மணலில் வள்ளத்தை ஏற்றி இறக்க அது தேவைப்படுவதுமில்லை.

போகும்போது எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வெறும் டிரெய்லர் பின்னால் துள்ளிக்கொண்டு வந்தது. அம்பாறை, உஹன, மஹா ஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை என்று 204 கிலோமீற்றர். கண்டியில் டாங்கியை நிரப்பியபோது 18 லீற்றர் பிடித்தது. டீசல் அப்போது லீற்றர் 104 ரூபா. தம்பி உடனே மனைவிக்குக் கோல் எடுத்து, "பதினொண்டுக்கு மேல!" என்றான். மறுமுனையில் பாராட்டு ஒன்றும் வரவில்லை. "திரும்பி வாறதையும் பாப்பம்" என்றாளாம்.

அந்த ஒரு சொல்தான் அவனைச் சூடேற்றியது.

அக்குறணையில் ஏற்றிய விதத்தைக் கேளுங்கள். மழைக்காலம். மெத்தை, உடுப்பு, புத்தகம், பாத்திரப் பெட்டி எல்லாம் நனையக்கூடாது என்று பிக்கப்பின் பெட்டிக்குள் வைத்து, தார்ப்பாயால் மூடிக் கட்டினோம். இரும்புச் சாமான் நனைந்தால் பரவாயில்லை என்று இரண்டு மில், இரண்டு மோட்டர், தராசு, படிக்கல், மிளகாய் வறுக்கிற பெரிய தாச்சி எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றினோம். ஊரில் இறக்குவது இலேசாக இருக்கட்டும் என்று பாரமான மில்லை டிரெய்லரின் பின்வாசலோரமாக வைத்தோம். அதன்மேல் அலுமாரியை நிமிர்த்திக் கட்டினோம். ராத்தா ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முன்னால பஞ்சு, பின்னால இரும்பு. இது சரியா ஈக்கா?" என்றா. தம்பி, "நீங்க ஏறுங்க ராத்தா" என்றான்.

தன் வீட்டு வாசலை அவ திரும்பிப் பார்க்கவில்லை. அவவின் மகள்தான் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பிறந்த வீடு அது.

கண்டி நகர நெரிசலைக் கடந்து, தென்னக்கும்புர, குண்டசாலை தாண்டித் திகனவுக்கு வந்தோம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதும், நாட்டில் அவசரகாலச் சட்டம் போடப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். ராத்தா ஜன்னலால் ஒரு கடையைக் காட்டி, "இவர் எங்கட மில்லுக்கு மல்லி தாறவர். திருப்பிக் கட்டிட்டார்" என்று மட்டும் சொன்னா. அதற்கு மேல் அந்த வண்டிக்குள் ஒருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

திகனவுக்குப் பிறகு பாதை கொஞ்சம் நேராகிறது. தம்பி வேகத்தைக் கூட்டினான். அப்போதுதான் முதல் அடையாளம் தெரிந்தது. டிரெய்லர் நாய் வாலை ஆட்டுவதுபோல இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. காலை எடுத்தால் அடங்கும், அமுக்கினால் ஆடும். இதற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. டிரெய்லரின் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன் கொளுக்கியில் அழுந்தி நிற்க வேண்டுமாம். பாரத்தைப் பின்னுக்கு வைத்தால் கொளுக்கி மேலே தூக்கப்படும், பிக்கப்பின் பின்சில்லுகளில் பிடி குறையும், டிரெய்லர் தன் பாட்டுக்கு ஆடும். அளவுக்கு மிஞ்சி முன்னுக்கு வைத்தாலும் பிழை. அப்போது பிக்கப்பின் முன்சில்லு இலேசாகி ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது.

தெல்தெனியவில் தேநீருக்கு நிறுத்தினோம். இப்போது நாம் காண்கிற தெல்தெனிய புது நகரம். பழைய நகரம் 1985இல் திறந்த விக்டோரியா அணையின் நீருக்குள் கிடக்கிறது. நீர் வற்றுகிற காலங்களில் அதன் இடிபாடுகள் தலைகாட்டும். மழைக்காலமானதால் நாங்கள் கண்டது நிறைந்த நீர் மட்டும்தான். ராத்தா சொன்னா, "நான் கலியாணம் முடிச்சு வந்த புதுசில மச்சான் இந்த இடத்தைத்தான் முதல்ல காட்டினவர். ஒரு ஊரையே தண்ணிக்குள்ள விட்டுட்டு மேல வந்து திரும்ப ஊர் கட்டீக்காங்க எண்டு."

அங்கிருந்து ஹுன்னஸ்கிரிய வரை ஏற்றம். இடது பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர் மேகத்துக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. மீமுரே என்கிற அந்த ஒதுங்கிய மலைக் கிராமத்துக்குப் பிரிகிற பாதையும் அங்கேதான் இருக்கிறது. பிக்கப்பின் வலிமையை நான் அந்த ஏற்றத்தில் கண்டேன். பின்னால் ஒரு தொன்னுக்குக் கிட்ட இருக்க, மூன்றாம் கியரில் முனகாமல் ஏறியது. தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் எண்ணெய் மீற்றரின் முள்ளும் இறங்கத்தான் செய்தது. அதைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்தப் புத்தி வந்தது.

உடுதும்பர கடந்து பாதை இறங்கத் தொடங்கியதும் கியரை நியூட்ரலில் போட்டான். "இனி இறக்கம்தானே காக்கா, எண்ணெய் மிச்சம்" என்றான். லொறிக்காரர் பலரிடம் உள்ள பழக்கம் இது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பிரயாணத்தில் ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆகையால் ஸுப்ஹானல்லாஹ் சொல்லிக்கொண்டு மலையை ரசித்துக்கொண்டிருந்தேன். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்ட கதை என்பது இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது பழைய எஞ்சின்களில் வந்த நம்பிக்கை. இப்போதைய எஞ்சின்களில் எண்ணெய் விடுவது கணினி. கியரில் வைத்து, எக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது சில்லுகள்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றன. கணினி எண்ணெயை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் ஊற்றியே ஆக வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து எண்ணெயையும் செலவழித்து, எஞ்சின் தருகிற பிடியையும் இழந்து, முழுப்பாரத்தையும் பிரேக்கின் தலையில் கட்டிவிடுகிறோம்.

முதல் இரண்டு மூன்று வளைவுகளில் ஒன்றும் தெரியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. நான்காவது வளைவில் பிக்கப் திரும்பியபோது பின்னாலிருந்து யாரோ கையால் தள்ளுவதுபோல ஒரு தள்ளு. பாதை ஈரம். பின்சில்லு ஒரு சாண் அளவு வழுகி, பிறகு பிடித்தது. தம்பி பிரேக்கை அமுக்கினான், மீண்டும் அமுக்கினான். வழமையை விட ஆழமாகக் கால் போனது.

"தம்பி, நிப்பாட்டு" என்றா ராத்தா. சத்தம் போடவில்லை. "மில்லில பெல்ட் கருகிற மாதிரி மணக்குது. நிப்பாட்டு."

இருபது வருடத்துக்கு மேல் மில் நடத்திய மூக்கு அது. எங்கள் இருவருக்கும் மிளகாய் நெடிதான் தெரிந்தது, அவவுக்கு அதற்குள்ளேயிருந்த கருகல் தெரிந்தது. தம்பி நிறம் மாறி, முதலாம் கியருக்கு மாற்றி, கையில் பிடிக்கிற பிரேக்கையும் மெல்ல இழுத்து, மலைப்பக்கமாக ஒரு பெட்டிக்கடையின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினான். முன்சில்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மற்றப்பக்கம் பள்ளம். அதை நான் எட்டிப்பார்க்கவில்லை.

கடைக்குள்ளிருந்து ஒரு சிங்கள முதியவர் குடையோடு வந்தார். புகையைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். தம்பி தண்ணீர் ஊற்றப் போனான். அவர் வேண்டாம் என்று கையால் தடுத்தார். பழுக்கக் காய்ந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும், அது தானாக ஆற வேண்டும் என்றார். இவற்றையெல்லாம் நான் ராத்தாவின் வாயால்தான் அறிந்தேன். எனக்குச் சிங்களம் கடிதம் வாசிக்கிற அளவுதான். ராத்தா அவரோடு கண்டிச் சிங்களத்தில் மளமளவென்று பேசினா. அவர் முன்னாளில் இதே பாதையில் நெல் லொறி ஓட்டியவராம். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சாரதிகளின் விதியாம்.

தம்பி, மில்லை அங்கேயே வைத்துவிட்டு நாளைக்கு வந்து எடுப்போம் என்றான். அதாவது இன்னும் ஒரு பயணம். ராத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த முதியவரிடம் ஏதோ கேட்டா. அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். ராத்தா எங்கள் பக்கம் திரும்பினா.

"பிரேக் ஈக்கிறது முன்னால உள்ள வண்டிக்கு. பாரத்தை வச்சீக்கிறது பிரேக் இல்லாததுக்கு. மாத்தி ஏத்துங்க. மில்லு முன்னால, மெத்தை பின்னால."

"மெத்தை நனையும் ராத்தா."

"நனைஞ்சா காயும்."

இரண்டு மணித்தியாலம் பிடித்தது. முதியவரும் அவருடைய மகனும் கைகொடுத்தார்கள். அவருடைய மனைவி ராத்தாவையும் மருமகளையும் உள்ளே கூட்டிப்போய் இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தா. மில்லும் மோட்டரும் பிக்கப்பின் பெட்டியில் பின்சில்லுக்கு நேர்மேலே உட்கார்ந்தன. மெத்தை, உடுப்புப் பெட்டி, அலுமாரி டிரெய்லருக்குப் போயின. அலுமாரியை நிமிர்த்தாமல் கிடத்திக் கட்டினோம். முதியவர் கொளுக்கியைக் கையால் தூக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளச் சொன்னார். வெளிக்கிடும்போது நான் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. ராத்தா ஒரு போத்தல் மிளகுத்தூளை எடுத்து அந்த அம்மையாரின் கையில் வைத்தா. அதை வாங்கிக்கொண்டார்கள்.

மிச்சம் வளைவுகளை முதலாம், இரண்டாம் கியரில் நடைவேகத்தில் இறங்கினோம். பிரேக்கை அமுக்கி அமுக்கி விட்டான் தம்பி, ஒரே மூச்சாகப் பிடித்திருக்கவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டே வந்தது. ராத்தா, "அடிக்கட்டும்" என்றா. கீழே மஹாவலிச் சமவெளி மழைத்திரைக்குள் பச்சையாக விரிந்து கிடந்தது. மருமகள் வளைவுகளை விரலில் எண்ணிக்கொண்டு வந்தாள். அவளுடைய கணக்கில் பதினேழுதான் வந்தது. ஒன்று எங்கே போனது என்று ஹஸலக வரை தர்க்கம்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. பங்கரகம்மனப் பள்ளியில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். மஹா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க மருமகள் ஆசைப்பட்டாள். ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடு, ஒன்றில் விரலை வைக்க முடியாது. உஹனவுக்கு இப்பால் இருட்டில் ஒரு யானை பாதையோரம் நின்றது. விளக்கைக் குறைத்து, அது ஒதுங்கும்வரை காத்திருந்தோம். மல்வத்தையைக் கடந்து சம்மாந்துறை வயற்காற்று ஜன்னலால் வந்ததும், அதுவரை கல்லுப்போல இருந்த ராத்தா அழத் தொடங்கினா. ஊர் வரும்வரை அழுதா. நாங்கள் ஒருவரும் தேற்றவில்லை. தேற்ற என்ன இருக்கிறது?

மறுநாள் காலை டாங்கி நிரப்பியதில் 26 லீற்றர் பிடித்தது. 206 கிலோமீற்றர். லீற்றருக்கு எட்டுக்கும் சற்றுக் குறைவு. கண்டி கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவு உயரம். அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கிவந்தும் இவ்வளவு. இதே பாரத்தை மேலே ஏற்றியிருந்தால் கணக்கு இன்னும் மோசமாகியிருக்கும். போக வர எண்ணெய்க்கு 4,576 ரூபா. லொறிக்காரர் கேட்டது 28,000. தம்பி, இலாபம்தானே என்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் நடந்ததை எல்லாம் அதற்கு முன்னரே ராத்தாவிடம் கேட்டுவிட்டாள். ஒன்றும் பேசாமல் கொப்பியின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: "இறக்கத்தில் நியூட்ரல் இல்லை." அதன் கீழே பிரேக் பட்டை புதிதாகப் போட்ட செலவையும் எழுதி, இலாபத்திலிருந்து கழித்தாள்.

ராத்தாவின் மில் 2020 பெப்ரவரியில் வாப்பாவின் வளவில் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு. பிறகு 2022. அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் வரிசையில் நின்றவர்கள்தான். 104 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் மாதம் 460 ஆனது. அதுவும் கிடைத்தால்தானே! ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது என் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். தம்பியின் பிக்கப் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றது. கோழி அதன் அடியில் முட்டையிட்டது. ஓட்டமில்லாமல், மச்சானுக்குக் கொடுக்க வேண்டிய மாதக் கடன் தடைப்பட்டது. மச்சான் கேட்கவில்லை. கேட்காத கடன்தான் கனக்கும்.

மில்லுக்கும் நல்ல காலமில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் வருகிற நேரத்தைப் பார்த்து நடுச்சாமத்தில் எழுந்து ராத்தா அரைத்தா. கடையில் பைக்கற் தூள் விலை ஏற ஏற, காய்ந்த மிளகாயை வாங்கி அரைக்கவென்று பெண்கள் வந்தார்கள். அந்த எட்டு மாதமும் தம்பியின் கடனில் பாதியைக் கட்டியது அந்த மில். தம்பி மறுத்தபோது ராத்தா, "லொறிக்கு நான் குடுக்காத காசு ஈக்கிதானே, அதைக் கழிக்கிறன்" என்றா. 28,000த்தை அவ எத்தனை தடவை கழித்தா என்று நாங்கள் எண்ணவில்லை. தம்பியின் மனைவி எண்ணினாள். கொப்பியில் இருக்கிறது.

வாகன இறக்குமதி 2020இல் நின்றதால் பழைய வண்டிகளின் விலை ஏறியது. வாங்கியதைவிடக் கூடக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். விற்று நகையை மீட்போமா என்று தம்பி கேட்டான். பவுண் விலையும் அதற்குச் சளைக்காமல் ஏறியிருந்தது. அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள்.

டிரெய்லரை வள்ளக்காரரிடமிருந்து பிறகு நாங்களே வாங்கி, நிந்தவூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து, அச்சைப் பலப்படுத்திப் பிரேக் பூட்டினோம். தம்பி இப்போது மாதம் ஒருமுறை நெல்லும் அரிசியும் கொண்டு மலைக்குப் போகிறான், மிளகும் கராம்பும் கொண்டு வருகிறான். போகிற நாளில் ராத்தா இரண்டு போத்தல் தூள் கட்டிக்கொடுப்பா. ஒன்று அக்குறணையில் மச்சானின் உம்மாவுக்கு. மற்றது நான்காவது வளைவுப் பெட்டிக்கடைக்கு. கடைசியாகப் போய்வந்ததில் லீற்றருக்கு 9.2 என்று கொப்பி சொல்கிறது.